பெட்டிக்குள் உறங்கும் விண்கலம்

மஞ்சள் தட மெட்ரோவின் கடைசி நிலையமான பொம்மசந்திராவில் இறங்கித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் இளைஞர் பலர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர்கள். அவர்களுள் சிலர் 'ஸ்டார் வார்ஸ்' விண்கல பொம்மைகளைச் சேகரிக்கின்றனர். "இது செலவன்று, முதலீடு" என்று கூறிக் கடன் அட்டையிலும் வாங்குகின்றனர். இக்கருத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை.

லெகோ நிறுவனம் 2007-இல் 5,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட 'மில்லேனியம் ஃபால்கன்' கலத்தை வெளியிட்டது. அதன் விற்பனை நின்றபின், பிரிக்கப்படாத பெட்டிகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 2017-இல் அந்நிறுவனமே 7,541 துண்டுகளுடன் புதிய கலத்தைக் கொண்டுவந்தது. பழையதன் விலை சரிந்தது. வைப்புத்தொகை வட்டி ஈட்டும். பொம்மைக்கோ, அடுத்து வாங்குபவரின் ஆசை ஒன்றே மதிப்பு. அட்டை நிலுவைக்கான வட்டி மட்டும் பல அட்டைகளில் ஆண்டுக்கு 36 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

ஆசையை நாங்கள் குறைகூறவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குள் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைச் செய்துமுடிக்க இயலாத கென்னர் நிறுவனம், பின்னர் அனுப்புவதாக உறுதிச்சீட்டை விற்றது. அமெரிக்கக் குழந்தைகள் 1978 வரை காத்திருந்து பெற்றனர்.

அப்பொறுமையை நாமும் பழகலாம். தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்து, முதிர்வுத் தொகையில் வாங்குவோம். வாங்கியபின் பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து கலத்தைப் பறக்கவிடுவோம். அதன் சந்தை விலை குறைந்தால் குறையட்டும். கடனின்றி வாங்கி விளையாடிய பொம்மையால் நமக்கு இழப்பேதும் இல்லை.