செல்லப்பிராணிக்குக் கொரோனா சோதனை: எப்போது, எதற்கு?

2021 ஆகஸ்ட். தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரம். பாங்காக்கில் கொரோனா தொற்றி, ஹாட் யாயிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த தந்தையும் மகனும் தங்கள் பூனையையும் கொண்டுவந்திருந்தார்கள். மூக்கில் மாதிரி எடுத்தபோது அந்தப் பூனை, பெண் கால்நடை மருத்துவர் ஒருவரின் முகத்துக்கு நேராகத் தும்மிவிட்டது. அவர் கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்திருந்தார். கண்ணுக்கு மட்டும் காப்பு இல்லை. மூன்று நாளில் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. பிசிஆர் சோதனை தொற்றை உறுதிசெய்தது. பூனையிடமிருந்தே அது பரவியிருக்க வேண்டும் என்ற கருத்துக்கு மரபணு ஒப்பீடும் வலுச்சேர்த்தது.

இப்படி நேர்வது மிக அரிது. செல்லப்பிராணிகளுக்குப் பெரும்பாலும் மனிதர்களே தொற்றைக் கொடுக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் யாருக்காவது கொரோனா என்றால், "எங்க ஜிம்மிக்கும் டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்குப் பதில் சொல்லுமுன் மருத்துவர் தனக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையிலோ தனிமைப்படுத்தலிலோ ஏதாவது மாறப்போகிறதா?

முதல் பாடம் ஹாங்காங்கில் கிடைத்தது. 2020 பிப்ரவரி இறுதியில், தொற்றுக்கு ஆளானவர் வீட்டிலிருந்த 17 வயது பொமரேனியன் நாயின் மூக்கு மாதிரியில் வைரஸின் ஆர்என்ஏ குறைந்த அளவில் தெரிந்தது. உரிமையாளரின் கையிலிருந்து மூக்கில் ஒட்டிய வைரஸாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அங்குள்ள அதிகாரிகள் ஒரே முடிவை நம்பி நிற்கவில்லை. 13 நாட்களில் எடுத்த ஐந்து மூக்கு மாதிரிகளிலும் ஆர்என்ஏ இருந்தது. பின்னர் ரத்தத்தில் ஆன்டிபாடியும் உருவானது. அதன் பிறகே அது உண்மையான தொற்று என்பது உறுதியாயிற்று. ஒற்றை வலுவற்ற பாசிட்டிவை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதற்கு இந்த நாய் நல்ல சான்று.

நெகட்டிவ் முடிவையும் அப்படியே நம்ப முடியாது. 2020இல் வட இத்தாலியில் 919 நாய், பூனைகளை ஆராய்ந்தபோது பிசிஆரில் ஒன்றுகூடப் பாசிட்டிவ் இல்லை. ஆனால் நாய்களில் 3.3 விழுக்காட்டிலும் பூனைகளில் 5.8 விழுக்காட்டிலும் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. நெதர்லாந்தில் தொற்றுள்ள வீடுகளில் மட்டும் தேடியபோது பிசிஆர் பாசிட்டிவ் 4.2 விழுக்காடு, ஆன்டிபாடி 17.4 விழுக்காடு. விலங்கு வைரஸை வெளியேற்றும் காலம் குறுகியது. அது கடந்துபோன பின் எடுக்கும் ஸ்வாப் எதையும் காட்டாது. ஆன்டிபாடியோ, என்றோ வந்துபோன தொற்றை மட்டுமே சொல்லும். இன்றைய இருமலுக்குக் காரணம் சொல்லாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாய்க்குடல் கொரோனா வைரஸும், பூனைகளில் எஃப்ஐபி நோய்க்கு மூலமான வைரஸும் நமக்குப் பழக்கமானவை. இரண்டும் ஆல்ஃபா வகை. சார்ஸ்-கோவ்-2 பீட்டா வகை. ஆய்வக அறிக்கையில் "கொரோனா பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால், எந்த கொரோனா என்று கேட்காமல் உரிமையாளரிடம் வாய் திறக்கக் கூடாது. குடல் கொரோனாவுக்கு நாய்க்குப் போட்ட தடுப்பூசி, கோவிட்டிலிருந்து அதைக் காக்கும் என்றும் சொல்லக் கூடாது.

சோதனை பயன்பட்ட இடமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் நோயுற்றபோது, போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் மாதிரிகளைச் சோதித்துத் தொற்றை உறுதிசெய்தது. மரபணு ஆய்வில் டெல்டா வகை என்பதும் தெரிந்தது. நீலா என்ற பெண் சிங்கம் உட்பட இரண்டு சிங்கங்கள் அந்த மாதம் இறந்தன. கூட்டமாக அடைத்து வளர்க்கும் விலங்குகளில் நோய் தோன்றும்போது, பிரித்து வைப்பது, பராமரிப்பாளருக்குக் காப்பு தருவது என ஒவ்வொரு முடிவும் சோதனையைச் சார்ந்தே இருக்கிறது. 2022இல் ஹிசாரின் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நாய்களுக்கான ஆன்டிபாடி எலைசா கருவித்தொகுப்பை வெளியிட்டது. அத்தகைய கருவி பரவலைக் கணக்கிட உதவும். நோயாளி நாயின் படுக்கையருகே அல்ல.

ஆகவே நலமாக இருக்கும் நாய், பூனைக்கு வழக்கமான கொரோனா சோதனை வேண்டாம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. வீட்டில் தொற்று உறுதியாகி, விலங்குக்கும் மூச்சுத் தொல்லையோ குடல் தொல்லையோ இருந்து, வழக்கமான காரணங்களைத் தேடி விலக்கிய பிறகு பிசிஆர் எடுக்கலாம். அப்போதும் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவித்து, மறு மாதிரிக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாதிரி எடுப்பவர் முகக்கவசத்தோடு கண்காப்பும் அணிய வேண்டும். விலங்கைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளருக்கும் அதே காப்பைக் கொடுங்கள்.