‘இன்டர்நேஷனல்’னு பேர் வெச்சா போதுமா?

அறுவடை நேரத்துல செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏத்திட்டு வந்தவங்களுக்கு லாஜிஸ்டிக்ஸ்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேணாம். சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி அதைத்தான் ஆராய்ச்சி பண்றா. பேர்லயே ‘இன்டர்நேஷனல்’ இருக்கற ஒரு இதழுக்குக் கட்டுரை அனுப்பினா. பணம் கட்டின நாலாம் நாள் ஏத்துக்கிட்டாங்க, ஒரு கேள்விகூட இல்ல. இப்ப அதை யாரும் மதிக்கல.

யு.ஜி.சி. 2018 மே மாசம் தன் பட்டியல்லேர்ந்து 4,305 இதழ்களைத் தூக்கிச்சு. 2019ல ‘கேர்’ பட்டியல் வந்துச்சு. 2025 பிப்ரவரியில அதையும் மூடிட்டு, தரத்தை நீங்களே பாத்துக்கோங்கன்னுட்டாங்க.

சரி, எப்படிப் பாக்கறது? அமெரிக்க சங்கம் ஒண்ணோட ‘ஜர்னல் ஆஃப் பிசினஸ் லாஜிஸ்டிக்ஸ்’ பேர்ல ‘இன்டர்நேஷனல்’ கிடையாது. ஆனா அந்தத் துறையில மரியாதை உண்டு. ஆக, பேர் அளவுகோல் இல்ல. கட்டுரையைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பறாங்களாங்கறதுதான் தரம்.

பன்முகத்தன்மையும் அப்படித்தான். ஆசிரியர் குழுவுல பத்து நாட்டுப் பேர் போடறது சுலபம். யாரோட ரோட்டைப் பத்தி எழுதறாங்கன்னு பாக்கணும். 1692 கடைசியில மராட்டியர் தானிய வரத்தை மறிச்சதும், செஞ்சியை முற்றுகை போட்ட முகலாயப் படையே பட்டினி கிடந்துச்சு. லாஜிஸ்டிக்ஸுக்கு இதைவிடப் பாடம் வேணுமா? ராட்டர்டாம் துறைமுகம் மாதிரியே செஞ்சி நெல் வண்டி வரிசையும் ஆய்வுக்குரிய கேள்விதான்னு ஒத்துக்கற இதழ்தான் என் கணக்குல சர்வதேச இதழ்.

பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்: “ஆறு மாசம் ஆனாலும் பரவால்லம்மா, உன்னைக் கேள்வி கேக்கற இதழுக்கு அனுப்பு.”