ஐஸை உருக விடாத மஞ்சள் நுரை

ஏப்ரல் 15-ந் தேதி வந்தால் போதும். ராயபுரம் காசிமேட்டில் விசைப்படகுகளின் சத்தம் அடங்கிவிடும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை! முன்பு இது 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள் ஆயிற்று.

கடலில் வேலை இல்லை. ஆனால் கரையில் வேலைக்குக் குறைவில்லை.

படகுக்குப் பலகை மாற்றுவார்கள். வர்ணம் பூசுவார்கள். என்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். படகின் வயிற்றுக்குள் இருக்கும் மீன் அறையைச் செப்பனிடவும் இதுதான் சமயம்.

அந்த அறை சரியில்லை என்றால் என்ன நஷ்டம்?

பல நாள் கடலில் தங்கும் படகு, ஐஸை நொறுக்கி அறையில் நிரப்பிக்கொண்டு புறப்படுகிறது. 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும். அந்த உஷ்ணம் மீனிலிருந்து வந்தால் லாபம். மீன் குளிர்ந்து கெடாமல் இருக்கும். சுவர் வழியாக வெளியிலிருந்து வந்தால்? காசு கொடுத்து வாங்கிய ஐஸ், மீன் கிடைப்பதற்கு முன்பே தண்ணீராகிவிடும். ஐஸ் தீர்ந்துபோனால், கடலில் எவ்வளவு மீன் இருந்தாலும் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே மீனவர் குடும்பத்தின் வருமானம் வலையில் மட்டும் இல்லை. அறையின் சுவரிலும் இருக்கிறது.

மரத்தூளில் வந்த ஐஸ்

சென்னைக்கு இது புதிய சங்கதி அல்ல. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. மாதக்கணக்கான பிரயாணம். உருகாமல் இருக்க மரத்தூளில் பொதிந்து அனுப்பினார்கள். அதைச் சேமித்து வைத்த கட்டடம்தான் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

மரத்தூள் உஷ்ணத்தை எப்படித் தடுத்தது? தூளின் இடுக்கில் சிக்கிய காற்று அசைய முடியாது. அசையாத காற்று, கம்பளி போல வேலை செய்யும்.

இன்றைய மஞ்சள் நுரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழ்கள். ஒவ்வொன்றிலும் சிறைப்பட்ட வாயு. இதன் பெயர் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது.

இரண்டு திரவங்கள் சேர்ந்து இது உண்டாகிறது. ஒன்று பாலியால். திருவொற்றியூருக்கு அடுத்த மணலியிலேயே அது தயாராகிறது. மற்றொன்று ஐசோசயனேட். நுரைக்கு வேண்டிய வகை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இரண்டும் கலந்த சில விநாடிகளில், பொங்கல் பானை போலப் பொங்கும். பிறகு இறுகிவிடும்.

தெர்மோகோல் 3 அங்குலம் செய்கிற வேலையை இது ஏறக்குறைய 2 அங்குலத்தில் செய்துவிடும். மிச்சமாகும் இடத்தில் கூடுதலாக மீன் வைக்கலாம்.

துப்பாக்கியும் கத்தியும்

நுரை அடிக்கும் யந்திரம் இரண்டு திரவங்களையும் சூடாக்கி, சம அளவில் தனித்தனிக் குழாயில் அனுப்பும். கைத்துப்பாக்கியின் முனையில்தான் அவை கலக்கும். முன்பே கலந்தால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்!

சுவர் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. ஈரப் பலகையில் நுரை சரியாக ஒட்டாது. கடைகளில் விற்கும் சிறிய டப்பா நுரை வேறு ஜாதி. அது ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சந்து பொந்துகளை அடைக்க அது போதும். மீன் அறை முழுவதற்கும் அது உதவாது.

அவசரக்காரர்கள் ஒரே தடவையில் கனமாக அடித்துவிடப் பார்ப்பார்கள். அங்கேதான் ஆபத்து. நுரை பொங்கும்போது உள்ளே உஷ்ணம் உண்டாகிறது. பூச்சு கனமாக இருந்தால் அந்த உஷ்ணம் வெளியேற வழி இல்லை. உள்ளே கருகும். தீப்பிடிப்பதும் உண்டு. பொதுவாக ஒரு தடவைக்கு 2 அங்குலத்துக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆறிய பிறகே அடுத்த பூச்சு.

துருத்திக்கொண்டு நிற்பதை நன்றாக இறுகிய பின் நீளமான பல் கத்தியால், அல்லது மெல்லிய ரம்பத்தால் சீவ வேண்டும். பிசுபிசுப்பாக இருக்கும்போது கத்தி வைத்தால் சுவரோடு பிய்த்துக்கொண்டு வரும். தேவைக்கு மேல் சீவுவதும் தவறு. நுரையின் மேல்தோல் தண்ணீரைத் தடுக்கிறது. தோலைச் சீவிவிட்டால் குமிழ்கள் திறந்துகொள்ளும். ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கினால் நுரை கனக்கும், பலகை அழுகும், குளிர் நிற்காது. சீவிய இடத்தை ஃபைபர் பூச்சால் மூடியே ஆக வேண்டும்.

மூச்சில் போகும் விஷம்

போபாலில் 1984-ல் கசிந்த வாயு இது அல்ல. ஆனால் அந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. நுரை அடிக்கும்போது பறக்கும் புகை மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். பிழைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது பிரயோஜனம் இல்லை. மீன் அறை போன்ற மூடிய இடத்தில், வெளியிலிருந்து நல்ல காற்று தரும் குழாய் வைத்த முகமூடி வேண்டும். கண்ணாடி, கையுறையும் வேண்டும்.

தீயின் கதை இன்னும் கொடியது.

தென் கொரியாவில் இச்சொன் என்ற ஊர். அங்கே 2008 ஜனவரியில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் தீப்பிடித்து 40 பேர் மாண்டார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கிடங்கில் மறுபடியும் தீ. 38 பேர் பலி. வெல்டிங் பொறி சுவரில் இருந்த நுரையில் பட்டதே காரணம் என்று போலீசார் கூறினார்கள். இந்த நுரை எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இருக்கும். சில மூச்சு போதும், மனிதன் விழுந்துவிடுவான்.

தடைக்காலத்தில் படகுத் துறையிலும் வெல்டிங் உண்டு. படகுகள் நெருக்கமாக நிற்கின்றன. மீன் அறைக்கு ஏறி இறங்க ஒரே ஒரு வாய்தான்.

ஆகவே வெல்டிங் வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே நுரைக்காரரைக் கூப்பிட வேண்டும். 61 நாளில் அதற்கு நேரம் இருக்கிறது. கூலி பேசும்போது எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்டால் போதாது. முகமூடிக்கும் காற்றுக் குழாய்க்கும் யார் பணம் தருவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.