வலிக்கு மருந்து இருக்கிறது, தடுப்பது பயம்!

"இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்."

புற்றுநோய் முற்றியவரின் குடும்பத்தார் ஆஸ்பத்திரியில் கேட்கும் பேச்சு இது. அழைத்து வருகிறார்கள். பகலில் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரவு வந்ததும் வலி வருகிறது. நோயாளி துடிக்கிறார். மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுகிறாள். மகன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறான். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இந்த வலியைப் பெரும்பாலும் அடக்கிவிட முடியும். அதற்கு மருந்து இருக்கிறது. அது விலை உயர்ந்த மருந்தும் அல்ல. அதன் பெயர் மார்ஃபின். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது உள்ளது.

அப்படியானால் அந்த மருந்து ஏன் வீடு வந்து சேரவில்லை?

கசகசாச் செடி

குழம்புக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசா எல்லோருக்கும் தெரியும். அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் உறைந்தால் அபினி. அபினியில் இருந்து பிரித்து எடுப்பதே மார்ஃபின். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு செர்டூர்னர் என்ற ஜெர்மன் இளைஞர் இதை முதலில் பிரித்தார்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் சர்க்கார் லைசென்சு பெற்று விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். மருந்துக்காக அபினி வெளிநாட்டுக்கும் போகிறது. விளைவது நம் நாட்டில். வலியால் துடிப்பவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் இருக்கிறது.

லண்டன் டாக்டர் அம்மாள்

மார்ஃபினைக் கொடுக்கும் முறையை மாற்றியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. முதலில் நர்சாக வேலை பார்த்தார். பிறகு படித்து டாக்டர் ஆனார். 1958-ம் ஆண்டு முதல் லண்டனில் சாகும் நிலையில் இருந்த நோயாளிகளை அருகே இருந்து கவனித்து, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார்.

அதுவரை பல ஆஸ்பத்திரிகளில், வலி வந்து நோயாளி கதறிய பிறகே ஊசி போடுவார்கள். பசியால் குழந்தை அழுத பிறகு உலை வைப்பதுபோல! சாண்டர்ஸ் அதை மாற்றினார். வலி வருமுன்பே, மணி பார்த்து, அளவோடு மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார். வலி அடங்கியது. நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து பேசினார்கள்.

உடம்பு வலி மட்டுமே வலி அல்ல என்பதும் அவர் கண்டது. கடன் கவலை, பிள்ளைகளை விட்டுப் போகும் துயரம், சாவு பயம் எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வேதனை என்றார். 1967-ம் ஆண்டு இதற்கென்றே ஒரு விடுதியை லண்டனில் தொடங்கினார். நோயையும் அதன் வேதனைகளையும் சேர்த்துக் கவனிக்கும் இந்த வைத்தியத்துக்கு இன்று 'ஆதரவு சிகிச்சை' என்று பெயர்.

1985 சட்டம்

இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. ஆனால் அதன் பிடியில் ஆஸ்பத்திரிகளும் சிக்கின. மார்ஃபின் வாங்கிக் கொடுக்கப் பல இலாகாக்களிடம் தனித்தனி லைசென்சு வேண்டும். எல்லா லைசென்சும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதி ஆகிவிடும். தவறினால் ஜெயில் தண்டனை என்ற பயம் வேறு.

டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களும் நமக்கு ஏன் வம்பு என்று ஒதுங்கினார்கள். 1997-ம் ஆண்டில் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ! 1985-ல் இருந்ததைவிட 100-க்கு 97 பங்கு குறைவு.

கோழிக்கோட்டில் கண்ட உண்மை

1993-ம் ஆண்டு கேரளாவில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"வீட்டுக்குக் கொடுத்தால் வெளியே விற்றுவிட மாட்டார்களா? போதைக்குப் பழகிவிட மாட்டார்களா?" என்று பலர் கேட்டார்கள்.

இதற்கு ஆராய்ச்சியே பதில் சொன்னது. இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மார்ஃபின் சாப்பிட்டார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகவோ, வேறு கைக்கு மாறியதாகவோ ஒரு நிகழ்ச்சிகூடத் தெரியவரவில்லை. 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் 2001-ம் ஆண்டு இந்த விவரம் வெளியாயிற்று.

2014-ம் ஆண்டு பார்லிமென்டு சட்டத்தைத் திருத்தியது. பல லைசென்சுகளுக்குப் பதிலாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி ஒன்றே போதும் என்று வழி பிறந்தது.

பிறகும் ஏன் தாமதம்?

சட்டம் மாறியது. மனம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1985-க்குப் பிறகு படித்த டாக்டர்களில் பலர், படிப்புக் காலத்தில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்து யாரையும் பார்த்ததே இல்லை. தெரியாத மருந்தைத் தொடப் பயம். 2019-ம் ஆண்டில்தான் ஆதரவு சிகிச்சை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

2017-ம் ஆண்டு 'லான்செட்' குழு ஒன்று உலகக் கணக்கை எடுத்தது. இந்தியாவில் தேவைப்படும் வலி மருந்தில் 100-க்கு 4 பங்குதான் கிடைக்கிறது என்று அது கண்டது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவை. 100-க்கு 14 பேருக்கே கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயம் நியாயமா?

மார்ஃபின் கொடுத்தால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. வலிக்குத் தக்க அளவில், முறைப்படி கொடுத்தால் ஆயுள் குறைவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு தொடக்கத்தில் இருந்தே ஆதரவு சிகிச்சையும் தரப்பட்டது. 2010-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. ஆதரவு சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் கூடுதல் நாளும் வாழ்ந்தார்கள். நடுத்தரக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம்.

பின்னால் நடந்த எல்லா ஆராய்ச்சிகளிலும் ஆயுள் கூடவில்லை. ஆனால் நோயாளியின் நிலை மேம்படுவது பலவற்றில் தெரிந்தது. கடைசி நாள் வரும்வரை காத்திராமல், நோய் தெரிந்த உடனே இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதே பாடம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளைச் சாதாரண வலிக்கும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். அதனால் ஏராளமான பேர் அடிமையாகி உயிர் இழந்தார்கள். எனவே கட்டுப்பாடு தேவை. ஆனால் திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனையே வெளியே பூட்டிவிடக் கூடாது.

குடும்பத்தார் கவனிக்க

* "வலிக்கு என்ன செய்யலாம்? இங்கே ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?" என்று டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள்.
* மார்ஃபினை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மட்டும் கொடுங்கள். நீங்களாகக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ வேண்டாம்.
* மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம்.
* மாத்திரையைப் பூட்டி வையுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கும் இந்தச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நோயாளி ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் காலையில் இரண்டு வாய் கஞ்சி குடிப்பார். பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார். சொல்ல நினைத்ததைச் சொல்லுவார். எத்தனை நாள் இருந்தாலும் அந்த நாட்கள் அவருடையவை. வலிக்கு அவற்றைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.