அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது?



சென்ற திங்கள் அல்சூர் ஏரியை அடுத்து வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அவருடைய தாயார் இங்கு வந்து ஈராண்டுகள் ஆகின்றன. காப்பியைக் கொடுத்துவிட்டுத் தலைமுடியை ஒதுக்க அம்மையார் கையை உயர்த்தினார். வளைகள் முழங்கைவரை சரிந்தன. நண்பரிடம் தனியே கேட்டேன். "முதுமையில் இளைப்பது இயற்கைதானே!" என்றார்.

நம் இல்லங்கள் பலவற்றில் முதியோரை வாட்டுவது இந்த எண்ணமே. வயது ஏற ஏற உழைப்புக் குறைகிறது. ஆதலின் சோற்றின் அளவு குறைவது முறையே. ஆயின் தசையைக் காக்கும் புரதத்தின் தேவை குறைவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 42 கிராம். இரண்டு இட்டலியில் கிடைப்பதோ சுமார் 4 கிராமே. "எனக்கு இரண்டு இட்டலி போதும்" என்று வேளைதோறும் எழுந்துவிடும் பெரியவருக்குத் தசை விரைந்து கரையும். படியேறும் வலிமை குன்றும். இடறி விழுந்தால் எலும்பு முறியும்.

காரணமின்றி எடை குறைவதை முதுமையின் இயல்பென்று விட்டுவிடலாகாது. பல்வலி, விழுங்குவதில் தடை, மனச்சோர்வு, மருந்தின் விளைவு, உள்நோய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மறைந்திருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நண்பரும் அவ்வாறே காட்டினார். நோய் எதுவும் இல்லை. பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கே பணிக்குச் செல்கின்றனர். பேரன் பள்ளிக்குச் செல்கிறான். மேசைமேல் மூடிவைத்த உணவில் அம்மையார் பாதியும் உண்பதில்லை.

"ஆளில்லாத வீட்டில் யாருக்காகத் தட்டுப் போடுவது, தம்பி?" என்றார் என்னிடம்.

"ஊரில் என்ன சாப்பிடுவீர்கள், அம்மா?"

"கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். இங்கே அதைக் கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று கூச்சம்."

எந்த ஊரில் இந்தக் கூச்சம்! களியை 'முத்தே' என்று விரும்பியுண்ணும் கன்னட நாட்டின் தலைநகரிலா? இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து, 'இந்தாஃப்' என்னும் உயர்விளைச்சல் வகைகளை இலட்சுமணய்யா என்னும் அறிஞர் உருவாக்கியது இம்மாநிலத்து மாண்டியாவில் அன்றோ! 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் இல்லை.

எனினும் களி மட்டும் போதாது. 100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம் அளவே. ஆகவே பருப்பு, கொள்ளு, முட்டை, பால், தயிர் இவற்றுள் இயன்றவை உடன் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நம் நகரச் சந்தைகளில் குவியும் பச்சை மொச்சை, கன்னடத்தார் 'அவரேகாய்' என்பது, மிக உகந்தது. பல்லில்லாதோர்க்குக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். களி இறங்காதோர்க்குக் கூழாக்கலாம். கேழ்வரகும் மாவுச்சத்தே என்பதை நீரிழிவுடையோர் மறவாமல் அளவறிந்து உண்க. சிறுநீரக நோயுடையோர் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. முதுமையில் தாக உணர்வு மங்குமாதலால், அவர்கள் கேட்குமுன்னரே நீரும் மோரும் கொடுங்கள்.

இப்போது அவ்வில்லத்தில் ஞாயிறுதோறும் மாமியாரிடம் மருமகள் களி கிண்டக் கற்கிறார். பகலில் அண்டை வீட்டுக் கன்னடப் பாட்டியார் தம் தட்டுடன் வந்து அமர்கிறார். ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதிதான் விளங்குகிறது. சோறு முழுவதும் இறங்குகிறது. இரவில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக உண்கின்றனர். வளைகள் இன்னும் தளர்வாகவே உள்ளன. ஆயினும் தட்டில் மீதமில்லை.

நேயர்களே, "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டால் எந்தத் தாயும் "ஆயிற்று" என்றே விடையளிப்பாள். இன்றிரவு அக்கேள்வியை விடுத்து, அவள் அருகே உங்கள் தட்டையும் வைத்துக்கொண்டு அமருங்கள்.