நள்ளிரவில் அலறும் பழைய கார்

இங்கிலாந்தில் மனைவி மக்களுடன் வசிக்கும் வாசகச் சகோதரர் ஒருவர் நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். அவரிடம் இருப்பது 2001 ஆம் ஆண்டில் தயாரான கார். சில வாரங்களாக அது நள்ளிரவில் காரணமின்றி அலறுகிறதாம். சுபுஹுக்கு எழ வேண்டிய வீட்டார் மட்டுமன்றித் தெருவே விழித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேளையில் எஞ்சின் ஓடத் தொடங்கி, இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது. பணிமனையிலோ கட்டுப்பாட்டுக் கணினியையே மாற்ற வேண்டுமென்று, காரின் விலையில் பாதியைச் சொல்லிவிட்டார்களாம். மாற்றலாமா என வினவுகிறார்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே நம் பதில்.

அவர் ஒரே நோய் என்று கருதுவது உண்மையில் இரண்டாக இருக்கலாம். அலறுவது அலாரம். ஓடவிடாமல் தடுப்பது 'இம்மொபிலைசர்' எனப்படும் எஞ்சின் பூட்டு. பிரிட்டனில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் 1998 அக்டோபர் முதல் இப்பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. அலாரத்திற்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஒன்று பழுதானால் மற்றதும் பழுதாகத்தான் வேண்டும் என்பதில்லை. ஆயினும் இரண்டையும் ஒருசேரக் குழப்பக்கூடிய பொருளொன்று உண்டு. அதுதான் காரின் பேட்டரி. ஆகவே முதற்சோதனை அதற்கே. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நன்று, 12.2க்குக் கீழே இறங்கினால் பாதிதான் மிச்சம். குளிரிரவில் மின்னழுத்தம் சரியும்போது, யாரோ கம்பியில் கைவைத்துவிட்டதாக எண்ணிச் சில அலாரங்கள் கூக்குரலிடும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளைத் துடைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பேட்டரி நலமாயிருந்தும் அலறல் ஓயவில்லையா? அடுத்த ஐயம் சைரன் மீதே விழ வேண்டும். திருடன் கம்பியை அறுத்தாலும் ஒலி நிற்கக்கூடாது என்பதற்காகப் பல கார்களில் சைரனுக்குள்ளேயே சிறிய பேட்டரி ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது உயிரிழந்து, கசிந்து, உள்ளிருக்கும் மின்தகட்டை அரித்துவிடுகிறது. பிறகு சைரன் தன்னிச்சையாகக் கத்தும். இருபது வயதைக் கடந்த காரில் இதனை எதிர்பார்த்தே ஆக வேண்டும். சைரனை மட்டும் மாற்றினால் போதும். கணினிக்கு இதில் பங்கில்லை.

அதன்பின் பானெட்டின் அடியிலுள்ள பொத்தான் சுவிட்சைப் பார்க்கலாம். மழைநீரும் துருவும் சேர்ந்து, மூடிய பானெட்டைத் திறந்ததாகக் காட்டிவிடும். கதவுப் பூட்டுக்குள்ளிருக்கும் சுவிட்சும் அப்படியே. காரின் உட்புற அசைவை உணரும் கருவியைத் தூண்டுவதற்கு ஒரு சிலந்தி போதும். கண்ணாடியில் தொங்கவிட்ட அலங்காரமும் போதும். அக்கருவியை மட்டும் அணைக்கும் வழி பெரும்பாலான கார்களில் உண்டு. ஓரிரவு அதை அணைத்துப் பூட்டிப் பாருங்கள். அமைதி நிலவினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

இனி எஞ்சின் பூட்டு. சாவியின் தலைப்பகுதியில் பேட்டரி தேவைப்படாத ஒரு சிறு சில்லு இருக்கிறது. சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி ஊட்டி, அதன் இரகசிய எண்ணைக் கேட்டறிகிறது. எண் பொருந்தாவிடில் எஞ்சின் சுழலாது. சில கார்களில் சுழன்று உடனே அணையும். அவ்வேளையில் சாவிச் சின்னமுள்ள விளக்கு வேகமாக மின்னும். அது வழக்கம்போல் அணைந்துவிட்டால் பூட்டின் மீது பழி போடாதீர்கள். எரிபொருள் பம்பு போன்றவற்றை ஆராயுங்கள்.

விளக்கு மின்னுகிறதெனில், வீட்டிலுள்ள இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் பழுது முதற்சாவியில். இரண்டிலும் ஓடாவிட்டால் கம்பிச்சுருளையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒரே வளையத்தில் வேறொரு காரின் சில்லுச் சாவி தொங்கினாலும் இடையூறு நேரும். கடைவீதியில் வெட்டிய மலிவுச் சாவி கதவைத் திறக்கும். சில்லு இல்லையெனில் எஞ்சினை எழுப்பாது.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் செல்வதில்லை. ரோவர் கார்கள் பலவற்றில் ரிமோட்தான் பூட்டை விடுவிக்கிறது. ரிமோட் கைவிட்டால், ஓட்டுநர் கதவில் சாவியை இடவலமாகக் குறித்த எண்ணிக்கையில் திருப்பி, நான்கிலக்க எண்ணைப் பதிவுசெய்யலாம். பழைய ஃபியட் கார்களில் தலைச்சாவி சிவப்பு நிறம். கூடவே ஐந்திலக்க எண் பொறித்த அட்டையும் உண்டு. பழைய கார் வாங்குவோர் விலை பேசுமுன் இவற்றையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும். பலர் இருக்கை உறை கிழிந்திருப்பதைப் பார்க்கிறார்களேயன்றி இரண்டாவது சாவியைக் கேட்பதில்லை. பிற்காலத்தில் அதன் அருமை தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் கணினிதான் பழுது என்று உறுதியானால், உடைத்த காரிலிருந்து எடுத்த ஒன்றை வாங்கிப் பொருத்தினால் மட்டும் வேலை நடவாது. இந்தக் காரின் சாவிகளை அதற்குக் கற்பிக்க வேண்டும். வாகனப் பூட்டுகளில் தேர்ந்தவர்கள் சிலர் பழைய கணினியையே பழுதுபார்த்தும் தருகிறார்கள். முதலில் அவர்களிடம் விலை கேளுங்கள். பூட்டையே நீக்கிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவிக்காமல் அதற்கு இசைய வேண்டாம்.