பிடித்தவை நான்கு

ஆண்டு பிறந்ததும் வாசகர்களிடமிருந்து வரும் மடல்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: "சென்ற ஆண்டில் வெளிவந்த திரைப்படங்களிலும் தொடர்களிலும் உங்கள் உள்ளத்தைக் கவர்ந்தவை எவை?" ஒரு காலத்தில் திரையரங்கின் இருளிலும், இப்போது பெரும்பாலும் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்து படம் பார்த்துப் பழகிய ரசிகரான நமக்கு இக்கேள்வி இனிப்பானது. விடைதான் எளிதன்று. பிடித்ததைச் சொன்னால், "இதையா பிடித்தது?" என்று புருவம் உயர்த்துவோரும் உண்டல்லவா?

இம்முறை விடை சொல்லும் துணிவை நமக்குத் தந்தவர் திருத்தந்தை. 2025 நவம்பர் 15ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ வத்திக்கானில் திரைக்கலைஞர்களைச் சந்தித்தார். அச்சந்திப்புக்குச் சில நாள்களுக்கு முன், அவருக்குப் பிடித்தமான நான்கு படங்களின் பெயர்கள் வெளியாயின. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946), ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965), ‘ஆர்டினரி பீப்பிள்’ (1980), ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ (1997) ஆகியவையே அவை. பணம் தொலைந்ததால் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த ஒரு குடும்பத் தலைவன். தாயற்ற ஏழு பிள்ளைகளின் வீட்டில் மீண்டும் நுழையும் பாட்டு. மூத்த மகனை இழந்தபின் பேச்சற்றுப்போன ஒரு வீடு. நாசி வதைமுகாமில் தன் சிறு மகனிடம் "இதெல்லாம் விளையாட்டு" என்று சொல்லிக் காக்கும் தந்தை. எண்ணிப் பார்த்தால் நான்குமே குடும்பக் கதைகள்!

இவற்றுள் ‘ஆர்டினரி பீப்பிள்’ பற்றி ஒரு சொல். 2025 செப்டம்பரில் மறைந்த ராபர்ட் ரெட்ஃபோர்டு முதன்முதலாக இயக்கிய படம் அது. ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாப்பாட்டு மேசை துப்புரவாக இருக்கும். யாரும் குரல் உயர்த்தமாட்டார்கள். ஆனால் தாயும் மகனும் ஒருவரோடொருவர் பேச இயலாமல் தவிப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அதைப் பார்த்தபோது, இது வசதி படைத்த அமெரிக்கர்களின் துன்பம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அது தவறு என்பதை, 2025இல் நமக்குப் பிடித்த நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதே உணர்ந்தோம். நான்கும் ஒன்றையே சொல்லின: ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டவற்றை.

சொல்லாத செய்தி

2025 ஜனவரி 24ஆம் நாள் வெளிவந்த ‘குடும்பஸ்தன்’ நம் பட்டியலில் முதலாவது. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கிய இப்படம் கோவை வட்டாரத்துப் பேச்சின் நகைச்சுவையால் அரங்கை அதிரவைத்தது. சாதி கடந்து மணம் புரிந்த ஓர் இளைஞன், அவன் வருவாயை நம்பியிருக்கும் பெற்றோர், கருவுற்ற மனைவி, பணத்தைக் காட்டிப் பெருமை பேசும் மைத்துனர். இந்நிலையில் அவனுக்கு வேலை போகிறது. வீட்டில் சொல்வதற்கு நா எழவில்லை. வேலைக்குப் போவதுபோல நாள்தோறும் கிளம்புகிறான். கடன் வாங்கிச் சம்பளம் வந்ததுபோலக் காட்டுகிறான். ஒரு கடனை அடைக்க மற்றொன்று வாங்குகிறான்.

மணிகண்டனின் நடிப்பில் அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் நம் பக்கத்து இருக்கையில் இருந்த நடுத்தர வயதுக்காரர் ஒரு கட்டத்துக்குமேல் சிரிக்கவில்லை. அவர் யாரோ, அவர் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தது என்னவோ, நாம் அறியோம். சில இடங்களில் நகைச்சுவை அளவுக்கு மீறி நீளுகிறது என்பது குறையே. எனினும், அவமானத்துக்கு அஞ்சி உரைக்கப்படும் சிறு பொய் எப்படி வட்டி மேல் வட்டியாக வளர்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன படம் அண்மையில் வேறில்லை.

மூன்று அறைகள்

2025 ஜூலை 4ஆம் நாள் ஒரே வெள்ளியன்று இரு தமிழ்ப்படங்கள் வந்தன. ஒன்றுக்கொன்று விடைபோல அமைந்த அவ்விரண்டையும் நாம் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தோம்.

ஒன்று ஸ்ரீகணேஷ் இயக்கிய ‘3 பிஎச்கே’. சொந்த வீடு ஒன்றே கனவாகக் கொண்ட குடும்பம். தந்தையாகச் சரத்குமாரும் தாயாகத் தேவயானியும் நடித்துள்ளனர். 1997இல் ‘சூர்யவம்சம்’ படத்தில் இவ்விருவரையும் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு, நரைத்த தலையோடு வாடகை வீட்டில் அவர்களைக் காண்பதே ஓர் உருக்கம். சேமிப்பு சற்றே உயரும்போதெல்லாம் வீட்டின் விலை அதைத் தாண்டி எட்டிப்போகிறது. கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, மகளின் திருமணம் என ஒவ்வொன்றும் அந்தப் பணத்தை விழுங்குகிறது. ஆண்டுகள் பல உருண்டோடுகின்றன.

ஆனால் நம்மைத் தைத்தது வேறொன்று. தான் அடையாததை மகன் அடைவான் என்று தந்தை நம்புகிறார். அந்த நம்பிக்கையைச் சுமந்தபடி, பிடிக்காத வேலையில் இளமையைக் கழிக்கிறான் மகன். சித்தார்த் அப்பாத்திரத்தை அடக்கமாகச் செய்திருக்கிறார். தந்தை கொடியவர் அல்லர்; மகன் சோம்பேறியும் அல்லன். தந்தையின் அன்பே மகனுக்குச் சுமையாகிறது என்பதுதான் கொடுமை. "எனக்கு இது வேண்டாம் அப்பா" என்ற சில சொற்களைச் சொல்ல அவனுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. தாய்க்கும் மகளுக்கும் கதையில் இன்னும் சற்று இடம் தந்திருக்கலாம். வீடு என்ற ஒன்றுக்காக வீட்டில் உள்ளோர் எல்லாரும் எதையோ விட்டுக்கொடுக்கிறார்களே, அந்தப் பெண்கள் விட்டுக்கொடுத்தது என்ன என்று நாம் அறிந்திருப்போம்.

பூட்டிய வீடு

அதே நாள் வந்த மற்றொன்று இராமின் ‘பறந்து போ’. ‘தங்க மீன்கள்’ (2013), ‘பேரன்பு’ (2019) ஆகியவற்றில் தந்தை–மகள் உறவைச் சொன்னவர், இம்முறை தந்தையையும் மகனையும் எடுத்துக்கொண்டார். தமிழகத் திரைக்கு வருமுன்பே 2025 தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம் இது.

வீடு வாங்கிய பின் என்ன என்ற கேள்விக்கு இப்படம் விடை சொல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. நல்ல பள்ளி இருக்கிறது. இவற்றுக்கான தவணையைக் கட்டத் தாயும் தந்தையும் ஓடிக்கொண்டே இருக்க, சிறுவன் அன்பு பூட்டிய வீட்டுக்குள் தனியே இருக்கிறான். அவனுக்காகத்தான் எல்லாம், அவனோடு இருக்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு நாள் தந்தை அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்புகிறார். அதன்பின் மகன் ஓடுகிறான், ஏறுகிறான், கேள்வி கேட்கிறான்; தந்தை மூச்சிரைக்கப் பின்தொடர்கிறார். தந்தையாக வரும் சிவாவும், தாயாக வரும் கிரேஸ் ஆண்டனியும், சிறுவன் மித்துல் ரியானும் நடிப்பதாகவே தோன்றவில்லை. பாடல்கள் மிகுதி என்பார் சிலர். நமக்கு அவை வழித்துணையாகவே பட்டன. வில்லன் இல்லாத, அடிதடி இல்லாத இப்படத்தைப் பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்தே பார்க்கலாம்.

மூடிய கதவு

நான்காவது, இங்கிலாந்தில் உருவான ‘அடலசன்ஸ்’ என்னும் தொடர். 2025 மார்ச் 13ஆம் நாள் வெளிவந்தது. நான்கே பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் வெட்டோ ஒட்டோ இன்றி ஒரே தொடர்ச்சியாகப் படம் பிடிக்கப்பட்டது. எனவே பார்ப்பவர் கண்ணைத் திருப்பிக்கொள்ள வழியே இல்லை.

விடியற்காலையில் காவலர்கள் ஒரு வீட்டின் கதவை உடைத்து நுழைகிறார்கள். கைது செய்யப்படுபவன் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஜேமி. உடன் படித்த சிறுமியைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று அழுகிறான். பார்க்கும் நாமும் அவன் தந்தையோடு சேர்ந்து அதை நம்புகிறோம். முதற்பகுதியின் முடிவிலேயே கண்காணிப்புக் காமிராவின் படம் அந்த நம்பிக்கையை உடைக்கிறது. "செய்தது யார்?" என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட, "ஏன்?" என்ற கேள்வி தொடங்குகிறது. கைப்பேசியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பும் சின்னஞ்சிறு படக்குறிகளில் எத்தனை இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது என்பதை, விசாரிக்கும் அதிகாரிக்கு அவருடைய சொந்த மகனே விளக்க வேண்டியிருக்கிறது!

கடைசிப் பகுதியில் ஜேமியின் தாயும் தந்தையும் படுக்கையறையில் அமர்ந்து பேசுகிறார்கள். மகன் தன் அறையில்தானே இருந்தான், வெளியே எங்கும் திரியவில்லையே, பத்திரமாக இருக்கிறான் என்றுதானே எண்ணினோம் என்று மறுகுகிறார்கள். தன்னைத் தன் தந்தை அடித்ததுபோல் தன் பிள்ளையை அடிப்பதில்லை என்று உறுதி கொண்டிருந்தவர் அத்தந்தை. அதைக் காப்பாற்றியும் இருக்கிறார். பின் எங்கே தவறியது? தொடர் விடை கூறவில்லை. மகனின் வெற்றுப் படுக்கையில் முகம் புதைத்து அவர் அழும்போது நாம் எழுந்து போக முடியாமல் அமர்ந்திருந்தோம்.

தந்தையாக நடித்த ஸ்டீஃபன் கிரஹாம் இக்கதையை ஜாக் தோர்னுடன் சேர்ந்து எழுதியவர். சிறுவனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுவே முதல் நடிப்பு. 2025 செப்டம்பரில் எம்மி விருது பெற்றபோது அவருக்கு வயது 15. அவ்விருதை வென்ற ஆண் நடிகர்களுள் மிக இளையவர் அவரே. இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் இத்தொடரைக் கட்டணமின்றித் திரையிட ஏற்பாடு செய்யப்பட்டது. இறந்த சிறுமியையும் அவள் குடும்பத்தையும் நாம் ஏறக்குறையக் காண்பதே இல்லை என்பது குறை. கொன்றவனைத்தான் உலகம் நினைவில் வைக்கும் என்று தொடரில் வரும் பெண் அதிகாரியே வருந்துகிறார். கடுஞ்சொற்கள் மிகுந்த தொடராதலால், பெற்றோர் முதலில் தாமே பார்த்துவிட்டு, பின்னர் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது நலம்.

நம் வீட்டுக் கதவு

அந்த நான்காம் பகுதியைப் பார்த்து முடித்தபோது இரவு பதினொரு மணி. பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் இளைய மகனின் அறைக் கதவு மூடியிருந்தது. கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. வேறொரு நாளாயிருந்தால், "பையன் வீட்டில்தானே இருக்கிறான்" என்று விளக்கணைத்துப் படுத்திருப்போம். அன்று கதவைத் தட்டினோம்.

"என்னப்பா?" என்றான்.

என்ன சொல்வது? "சாப்பிட்டியாடா?" என்றோம்.

"ஒண்ணாத்தானேப்பா சாப்பிட்டோம்!" என்று சிரித்தான்.

உள்ளே சென்று கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தோம். கைப்பேசியில் தான் ஆடும் விளையாட்டைக் காட்டினான். பாதிகூட நமக்கு விளங்கவில்லை, ஆயினும் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். ஒரு வாரம் கழிந்தபின் ஓரிரவு அவனாகவே மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கணக்கில் தோற்ற தேர்வுத்தாள். பெற்றோர் கையெழுத்துக்காக வந்தது. பல வாரங்களாக நம் கையெழுத்தைத் தானே போட்டுச் சமாளித்திருக்கிறான்.

சினம் வந்தது, மறைக்கவில்லை. "ஏன்டா சொல்லலை?" என்று கேட்டபோது அவன் சொன்ன விடை சினத்தை அவித்துவிட்டது. "சொன்னா நீங்க ரொம்ப வருத்தப்படுவீங்கன்னுதான்."

வேலை போனதை மறைத்தவனும், பிடிக்காத படிப்பைச் சுமந்தவனும் சொன்ன அதே காரணம்! முன்னொரு காலத்தில், வீட்டுக்கு வாங்கிய கடனை நம் தந்தையிடம் சொல்லாமல் நாம் மறைத்ததற்கும் அதுவே காரணம் அன்றோ? அன்றிரவு அக்கதையை மகனிடம் சொன்னோம். அவன் வியப்போடு கேட்டான். மறுநாள் பள்ளிக்கு இருவருமாகச் சென்று ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னோம். கணக்கு இன்னும் அவனுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது தேர்வுத்தாள்கள் வந்த அன்றே நம் மேசைக்கு வந்துவிடுகின்றன.

நான்கு என்று எல்லை வகுத்தபின் ஐந்தாவதைச் சொல்வது முறையன்று. எனினும் இளைஞர் அபிஷன் ஜீவிந்தின் முதல் படமான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைச் சொல்லாமல் விட மனமில்லை. பிழைப்புத் தேடி இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சென்னைத் தெருவொன்றின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பதைச் சொல்லும் கதை அது. பார்க்காதவர்கள் பாருங்கள்.

இனி வாசகர்களின் முறை. சென்ற ஆண்டில் உங்களுக்குப் பிடித்தவற்றை எழுதியனுப்புங்கள். ஒரு வேண்டுகோள்: பட்டியலைத் தனியே அமர்ந்து எழுதாதீர்கள். வீட்டில் உள்ளோர் அனைவரையும், குறிப்பாகக் கதவை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையையும் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஏன் பிடித்தது என்று கேளுங்கள். விடை முடியும்வரை குறுக்கே பேசாதிருங்கள். அடுத்த திங்களில் உங்கள் மடல்களோடு சந்திப்போம்.